கண்காட்சிக்கு நாமே ஒரு சுவர் செய்துகொள்ளலாம்

(சென்ற மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பிறகு சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. பம்ப்செட் கம்பெனியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு திருத்தங்களுடன் அப்படியே தருகிறோம். – ஆசிரியர் குழு)



எனக்குப் பின்னால் நிற்கிற நீலத் துணிச் சுவரைப் பார்த்து, "இது என்ன, மேடை நாடகமா?" என்று வரும்போதே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் போன பொங்கல் சந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த விஷயத்தை இத்தனை பேர் முன்னால் நான் இதுவரை பேசவில்லை.

நம் விளையாட்டு மைதானத்தில் போட்ட சந்தையில், மகளிர் குழு ஸ்டாலுக்குப் பின்சுவர் செய்து கொடுத்தது நான்தான். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், எட்டுக்கு நான்கு ஷீட் மூன்று. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, போல்ட் போட்டு, பின்னாலும் முன்னாலும் ஒன்பது அங்குலம் நீட்டி மரக்கால் வைத்தேன். ஒரு ஷீட் கிட்டத்தட்ட 23 கிலோ. மொத்தம் 70 கிலோ. தூக்கி வைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. "இவ்வளவு கனமாக இருக்கிறதே, எங்கே விழப்போகிறது" என்று நானே பெருமையாகச் சொன்னேன். மதியம் மூன்று மணிக்குக் காற்று வந்தது. பெரிய காற்றும் இல்லை, மேஜை விரிப்பு பறக்கிற அளவுக்குத்தான். சுவர் பின்பக்கமாகச் சாய்ந்து, அடுத்த வரிசையில் முறுக்குக் கடை போட்டிருந்த ஏ பிளாக் பாட்டியின் மேல் விழுந்தது. மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை ஐந்து நிமிடம் முன்னால்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. "காற்று அடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுத்து, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றைக்குப் போட்டேன்.

கணக்கு சுலபமானது. ஒரு பொருள் சாய வேண்டும் என்றால் ஏதோ ஒரு விளிம்பை ஊன்றித்தான் சாயும். அந்த விளிம்பிலிருந்து எடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து இரண்டையும் பெருக்குங்கள். என் சுவருக்கு 70 கிலோ, முக்கால் அடி. பெருக்கினால் 52 வரும். அது நிற்கிற பக்கம். காற்று தள்ளுகிற பக்கத்தைப் பாருங்கள். பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம் உள்ள தட்டையான சுவரில், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று சுமார் பதின்மூன்றரை கிலோ அழுத்தம் கொடுக்கும். அது நடு உயரத்தில், அதாவது நான்கடியில் தள்ளுவதாக எடுத்துக்கொள்ளலாம். பெருக்கினால் 54. முடிந்தது கதை. 18 கிலோமீட்டர் என்பது சைக்கிளை நிதானமாக மிதிக்கிற வேகம். அந்தக் காற்றுக்கே விழக்கூடிய சுவரைத்தான் நான்கு பேரை வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். எனவே இன்னும் கொஞ்சம் கனமாகச் செய்திருந்தால் தப்பித்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். நான் கோட்டை விட்டது கால் வைத்த அகலத்தில்.

இப்போது ஏன் இதை எடுத்தேன் என்றால், நம் மகளிர் குழுவில் சிலர் இந்த ஆண்டு கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சி ஒன்றில் ஸ்டால் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பெனியில் இருந்தபோது அந்த வளாகத்தில் பல ஆண்டுகள் ஸ்டால் போட்ட அனுபவம் எனக்கு உண்டு. அங்கே சாதாரணமாகக் கொடுக்கிற ஸ்டால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அடிக் கணக்கில் பத்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அலுமினியத் தூணும் வெள்ளைப் பலகையுமாக அவர்களே தடுத்துக் கொடுப்பார்கள். ஆக்டாநார்ம் என்று ஒரு ஜெர்மன் கம்பெனி கொண்டுவந்த முறை அது. தூணில் எட்டுப் பக்கமும் பள்ளம் இருக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பலகையைச் செருகலாம். ரொம்பப் புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அந்தப் பலகையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், ஒட்டினால் கறை பட்டது என்று பணம் பிடிப்பார்கள். நம் பெயர், நம் படம், நம் கொக்கி, நம் அலமாரி எல்லாவற்றுக்கும் நமக்கென்று ஒரு சுவர் வேண்டும். ஒரு முறை செய்துவிட்டால் கொடிசியா, பள்ளி விழா, கோயில் திருவிழாக் கடை, நம் பொங்கல் சந்தை என்று எல்லாவற்றுக்கும் அதையே கொண்டு போகலாம்.

இதோ நிற்கிற சுவரின் மொத்த எடை 20 கிலோ. ஏழடி உயரம். பின்னால் மூன்றடிச் சட்டம் மூன்று, இரண்டு பக்கமும் முன்னால் மடங்கி வருகிற மூன்றடிச் சட்டம் ஒவ்வொன்று. மேலிருந்து பார்த்தால் 'ப' எழுத்து மாதிரி இருக்கும். பின்பக்கம் ஒன்பதடிதான் என்பதால் கண்காட்சி ஸ்டாலுக்குள் இடிக்காமல் நிற்கும்.

சட்டம் ஒரு இஞ்ச் சதுர அலுமினிய டியூப். சுவர்க் கனம் 1.2 மில்லிமீட்டர். மீட்டருக்கு 300 கிராம் சொச்சம்தான் வரும். இதே அளவு இரும்பில் வாங்கினால் மூன்று மடங்கு எடை. கடையில் பன்னிரண்டடி நீளமாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒரு நீளத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். 1.1 கிலோ காட்ட வேண்டும். 800, 850 கிராம் காட்டினால் அது மெல்லிய ரகம். விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், ரிவெட் அடிக்கும்போதே ஓட்டை கிழியும்.

ஒவ்வொரு மூன்றடிச் சட்டமும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டு. ஏழடிச் சட்டமாகச் செய்தால் நம் லிஃப்டில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். முதலில் அப்படித்தான் செய்தேன், நான்கு மாடி படியில் இறக்கினேன், என் வீட்டம்மா சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது. இப்போது எல்லாத் துண்டும் மூன்றரைக்கு மூன்றடி. துண்டு இரண்டு கிலோ. காரின் பின் சீட்டை மடக்கினால் பத்துத் துண்டும் போய்விடும். மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடத்தில், டியூபுக்குள் 22 மில்லிமீட்டர் சதுர டியூப் ஒன்று ஸ்லீவ் மாதிரி நுழைகிறது. மேலே ஆறு அங்குலம், கீழே ஆறு அங்குலம். இரண்டு அங்குலம் போதுமே என்று நினைப்பீர்கள். போதாது, அந்த இடத்தில் ஆடும்.

செங்குத்துக் கால் மூன்றரை அடி, இருபது வேண்டும். ஒரு பன்னிரண்டடி நீளத்தில் மூன்று கிடைக்கும், ஆக ஏழு நீளம். குறுக்குக் கம்பி இரண்டு கால்களுக்கும் நடுவில் உட்காருவதால் இரண்டடி பத்து அங்குலம், அதுவும் இருபது. ஒரு நீளத்தில் நான்கு, ஆக ஐந்து நீளம். மொத்தம் பன்னிரண்டு நீளம் வாங்கினால் போதும். மிஞ்சுகிற துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், மூலை பிடிக்க உதவும்.

இந்த மூலை பிடிப்புத்தான் இதில் பலரும் தவறு செய்கிற இடம். நானும் செய்தேன். நாலு கம்பியைச் சதுரமாகச் சேர்த்துவிட்டு ஆட்டிப் பார்த்தால் ஆடும். உடனே நடுவில் ஒரு குறுக்குக் கம்பி போடுவோம். மறுபடி ஆடும். இன்னொன்று போடுவோம். எத்தனை போட்டாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் சதுரம் சாய்ந்து சாய்சதுரம் ஆவதைக் குறுக்குக் கம்பி தடுக்காது, அதுவும் கூடவே சாயும். முக்கோணம்தான் சாயாது. பழைய ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒவ்வொரு மூலையிலும் நான்கு அங்குல முக்கோணத் தகடு, இரண்டு மில்லிமீட்டர் அலுமினியம், வைத்து 4 மில்லிமீட்டர் பாப் ரிவெட் அடித்திருக்கிறேன். ஒரு மூலைக்கு ஆறு ரிவெட். எடை கொஞ்சம்தான் கூடியது. ஆட்டம் நின்றுவிட்டது. அலுமினியத்தை வெல்டிங் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஆர்கான் வெல்டிங் வேண்டும், இவ்வளவு மெல்லிய டியூபுக்கு நல்ல கை வேண்டும். ரிவெட்டே போதும், தவறினால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

சட்டத்தோடு சட்டம் சேர்ப்பதற்குக் கழற்றும் கீல். நடுவில் இருக்கிற ஊசியை உருவினால் இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்துவிடும். ஆணியைத் தொலைத்துவிடாமல் ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள். பக்கச் சுவர் செங்கோணத்தில் நிற்பதற்கு, மேலே மூலையில் சாய்வாக இரண்டடிப் பட்டி ஒன்று, இறக்கை நட்டுப் போட்டு முடுக்குவது. இந்தப் பட்டியை மறந்தால் காற்றில் பக்கச் சுவர் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். கால்களுக்கு நாற்காலிக்குப் போடும் ரப்பர் புஷ். தரை மேடு பள்ளமாக இருந்தால் நான்காக மடித்த அட்டையைச் செருகிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் மெனக்கெட வேண்டாம்.

மேலே போர்த்துவது துணி. ஒப்பணக்கார வீதியில் கெட்டியான காட்டன் ட்ரில் துணி வாங்கி, ஓரம் மடித்து வெல்க்ரோ வைத்துத் தைத்தது என் மருமகள். ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், மடித்த கோடு போகாது, சாமானை விட பேனர்தான் கண்ணில் படும். சட்டத்தின் பக்க வெல்க்ரோவை பசையோடு நிறுத்தாமல் அடிக்கு ஒரு ரிவெட் அடியுங்கள். நம் ஊர் வெயிலில் காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் பசை உருகிக் கழன்றுவிடும். தெர்மாகோலை மட்டும் தொடாதீர்கள். எடை இல்லை என்று ஆசையாகத்தான் இருக்கும். தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரிகிற பொருள் அது. கூட்டமான கூடத்தில் அதைச் சுவராக வைப்பது பாவம். துணியும் எரியும்தான். அதனால் சூடாகும் பழைய ஹாலஜன் விளக்குகள் கூடாது, எல்.இ.டி. மட்டும்.

சரி, 20 கிலோ சுவர். 70 கிலோ சுவரே விழுந்ததே, இது எப்படி நிற்கும்? நியாயமான கேள்வி. பெட்டி தூக்குகிற தராசு ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கிற கைத்தராசு. இதன் கொக்கியைப் பின்சுவரின் மேல் கம்பியில் மாட்டிப் பின்பக்கமாக இழுக்கிறேன். பாருங்கள், முன்பக்கக் கால் தூக்கிவிட்டது. எவ்வளவு காட்டியது? ஒன்றே முக்கால் கிலோ. ஒரு குழந்தை சாய்ந்தாலே போதும். வெறுமனே நிற்கிற இந்தச் சுவரைப் பார்த்து யாராவது "உறுதியாக இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது பக்கச் சுவர்களின் முன் முனையில், உள்பக்கமாக, ஓரடிக்கு ஓரடி ப்ளைவுட் பலகை இருக்கிறது பாருங்கள், கீழ்க் கம்பியோடு போல்ட் போட்டது. அதன் மேல் ஆளுக்கொரு தண்ணீர் கேன் வைக்கிறோம். நம் வீடுகளுக்கு வருகிற அதே 20 லிட்டர் கேன். நிறைந்தால் 20 கிலோ. கழுத்தைக் கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிடுகிறோம். மறுபடி இழுக்கிறேன். பத்து, பன்னிரண்டு, பதினான்கு... பதினாறில் தூக்குகிறது. சுவரின் எடை மாறவில்லை. எடையை ஊன்றும் விளிம்பிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். பின் மூலைகளிலும் ஒவ்வொரு கேன் வைத்தால் பின்பக்கம் இழுக்க 19 கிலோ, முன்பக்கம் இழுக்க 24 கிலோ வேண்டும். கேனைப் பலகையில் வைக்காமல் பக்கத்தில் தரையில் வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சுவர் விழும், கேன் பார்த்துக்கொண்டிருக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பேர் அப்படி வைத்து என்னிடம் காட்டினார்கள்.

கேனை வெறுமையாகக் கொண்டு போகலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. தூக்கும்போது 20 கிலோ, நிற்கும்போது 100 கிலோ. கண்காட்சி முடிந்தால் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வரலாம்.

கூடத்துக்குள் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கேன் தாராளம். மைதானத்தில் என்றால் எச்சரிக்கை வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, கோடை மழைக்கு முன்னால் வருமே, அந்தக் காற்று, இந்தச் சுவரின் பின்பக்கத்தில் மட்டும் 36 கிலோவுக்குக் குறையாமல் தள்ளும். நடு உயரத்தில் 36 என்றால் மேல் முனையில் 18 கிலோ இழுத்ததற்குச் சமம். நம்மிடம் இருப்பது 19. அதாவது நூலிழையில் நிற்கும். என்னால் அதை நம்பி யாரையும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் துணியை வெல்க்ரோவில் வைத்தேன். வானம் கறுத்து, புழுதி கிளம்பினால் யோசிக்காமல் துணியைப் பிடித்து உருவிவிடுங்கள். பத்து விநாடி வேலை. துணி போய்விட்டால் காற்று பிடிக்க ஒன்றும் இல்லை, வெறும் சட்டம் நிற்கும். சாமான் நனைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அலமாரி மாட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மேல் கம்பியில் கொக்கி போட்டுப் புடவை, நகை, பை மாட்டலாம். பொடி டப்பா, ஊறுகாய் ஜாடி எல்லாம் தரையிலோ மேஜையிலோதான். சுவரில் கனமானதை மாட்டுவது, அதுவும் உயரத்தில், நாம் இவ்வளவு நேரம் போட்ட கணக்கை எல்லாம் கெடுத்துவிடும்.

செலவு எனக்கு ஏழாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேலே ஆனது. தையல் கூலி இல்லை, தகடுகள் உக்கடம் பழைய சாமான் கடையில் எடுத்தது. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம்.

இந்தச் சுவரை முடித்த அன்று ஏ பிளாக் பாட்டியிடம் போனேன். போன பொங்கலுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம். கட்டுப் பிரித்து மாதக்கணக்காகியும் முறுக்கு அச்சை அழுத்தக் கை வலிக்கிறது என்றார். மகன் திருகு அச்சு வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். சுவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, இந்த வருஷமும் நான் கடை போடுவேன். எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடு. ஆனா அந்தத் தராசை எடுத்துட்டு வந்து நானே இழுத்துப் பாத்துட்டுத்தான் பக்கத்துல உக்காருவேன்" என்றார். அவர் இன்றைக்கு முன் வரிசையில்தான் இருக்கிறார். பாட்டி, வாங்க, நீங்களே இழுங்க. வலது கையால் வேண்டாம், இடது கையால்.

(பாட்டி இழுத்தார். பத்து கிலோ வரை வந்தது, சுவர் அசையவில்லை. கைத்தட்டல். – ஆ.கு.)

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பி பிளாக் கீழ்த்தள பார்க்கிங்கில் பாட்டிக்கான சுவரையும் மகளிர் குழுவுக்கான சுவரையும் சேர்த்துச் செய்கிறோம். அலுமினியம் வந்துவிட்டது. துளை போடும் மெஷின் இரண்டு இருக்கிறது. ரிவெட் கன் ஒன்றுதான் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காலியான தண்ணீர் கேன் எட்டு வேண்டும், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாமல் வையுங்கள். அலுமினியப் பிசிறு காலில் குத்தும் என்பதால் எல்லோரும் செருப்பு போட்டு வாருங்கள், குழந்தைகளை அறுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.